பற்பசைக்குப் போகாத மங்கல்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழின் வாகனப் பக்கத்தில் சில வாரங்களுக்கு முன் ஒரு சிறு குறிப்பு வந்திருந்தது. கார் பெயிண்டில் கீறல் விழுந்தால் 2000 நம்பர் வாட்டர் பேப்பரால் (தண்ணீர் விட்டுத் தேய்க்கும் உப்புத்தாள்; நம்பர் கூடக் கூட மணல் நுண்மையாகும்) லேசாகத் தேய்க்க வேண்டுமாம். அதனால் வரும் மங்கலைப் பற்பசை தடவித் துணியால் துடைத்தால் பழைய பளபளப்பு திரும்பிவிடுமாம். நான்கே வரி. அந்த நான்கு வரியைக் கத்தரித்துச் சட்டைப்பையில் மடித்து வைத்துக்கொண்டு ஒருவர் போன வாரம் என் பட்டறைக்கு வந்தார். கறுப்புக் கார். பின்கதவில் உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளை மூட்டம். கண்ணாடியில் மூச்சு ஊதினால் படியுமே, அப்படி. மூச்சு என்றால் நாலு விநாடியில் போய்விடும். இது மூன்று நாளாகப் போகவில்லை.

"அரை டியூப் பேஸ்ட் காலி பண்ணிட்டேங்க. துடைச்சதும் போன மாதிரி இருக்கு, காய்ஞ்சதும் திரும்ப வந்துடுது" என்றார்.

நான் 26 வருடமாகக் கார் பெயிண்ட் வேலை செய்கிறேன். அதில் பாதிக்கு மேல், பெயிண்டை மினுக்கும் பஃபிங் மெஷினைப் பிடித்தபடி போன காலம். அந்தக் குறிப்பை எழுதியவர் மீது எனக்குக் கோபம் இல்லை. ஆனால் மங்கல் என்றால் என்னவென்று தெரியாமல் அதைப் போக்க வழி சொல்லிவிட்டார். அதனால்தான் இந்தக் கடிதம்.

அந்த மங்கல் பெயிண்டின் மேல் ஒட்டியிருக்கும் பொருள் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். துடைத்து எடுப்பதற்கு அங்கே ஒன்றும் இல்லை. இன்றைய கார்களில் நிறம் ஓர் அடுக்கு, அதற்கு மேல் நிறமே இல்லாத கிளியர் கோட் ஓர் அடுக்கு. பளபளப்பு முழுவதும் அந்தக் கிளியருடையது. அது வழவழப்பாக இருக்கும்வரை, மேலே படும் வெளிச்சம் ஒரே ஒழுங்கில் திரும்பி வரும். உங்கள் முகம் கதவில் தெரியும். பேப்பர் போட்டதும் அதில் ஆயிரக்கணக்கான நுண்கோடுகள் விழுகின்றன. ஒவ்வொரு கோட்டின் கரையும் வெளிச்சத்தை ஒவ்வொரு பக்கமாகச் சிதறடிக்கிறது. சிதறிய வெளிச்சம் நம் கண்ணுக்கு வெள்ளையாகப் படுகிறது. தெளிவான கண்ணாடியை நொறுக்கினால் வெள்ளைத் தூளாகத் தெரிவதும் இதே சங்கதிதான். கறுப்புக் காரில் இது சாம்பல் பூத்தாற்போல் கண்ணை உறுத்தும். வெள்ளைக் காரில் இதே கோடுகள் இருந்தாலும் பாதிப் பேருக்குத் தெரியாது.

வந்தவருக்கு இதைப் புரியவைக்க ஒரு காரியம் செய்தேன். ஈரத்துணியால் அந்த இடத்தை நனைத்தேன். மங்கல் மாயமாய் மறைந்தது. அவர் முகம் மலர்ந்தது. தண்ணீர் உலர உலர ஓரத்திலிருந்து மங்கல் மெல்ல நடுவரைக்கும் ஏறி வந்தது. கோடுகளைத் தண்ணீர் நிரப்பியிருந்த வரைக்கும் பெயிண்ட் வழவழப்பாக நடித்தது, அவ்வளவுதான். மூன்று நாளாக அவர் வீட்டில் நடந்ததும் இதுதான்.

இனி அந்தக் கோடுகளை எப்படிப் போக்குவது? உழுத நிலத்தைச் சமப்படுத்துவது போலத்தான், ஆனால் ஒரு வித்தியாசம். நிலத்தில் மேட்டு மண்ணைப் பள்ளத்தில் தள்ளலாம். பெயிண்டில் அது நடக்காது. மிக ஆழமான கோட்டின் அடிமட்டம் எதுவோ, அதுவரைக்கும் சுற்றியுள்ள கிளியர் முழுவதையும் இறக்கியாக வேண்டும். இறக்குவதற்கு எவ்வளவு கையிருப்பு இருக்கிறது என்று பாருங்கள். கம்பெனியிலிருந்து வரும் காரில் கிளியரின் தடிமன் பொதுவாக 40, 50 மைக்ரான். ஒரு மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நீங்கள் அச்சிடும் இந்த நாளிதழின் ஒற்றைத் தாளே அதைவிடத் தடிப்பு. வெயிலின் புற ஊதாக் கதிரைத் தாங்குவதற்கான மருந்தும் அந்த மெல்லிய கிளியரில்தான் கலந்திருக்கிறது. தேய்த்து மெலிந்த கிளியர் இன்றைக்குப் பளபளக்கும். சில வருடம் கழித்து வெளுத்துத் தோல் உரியும். அப்போது தேய்த்தவன் எங்கேயோ இருப்பான்.

பற்பசை விஷயத்தை வாயால் மறுப்பது போதாது என்று பட்டது. பட்டறையில் ஒரு பழைய பானட் உண்டு. புதிதாக வேலைக்கு வரும் பையன்களுக்குக் கற்றுத்தர வைத்திருப்பது. அதில் மாஸ்கிங் டேப் ஒட்டி நான்கு பட்டைகளாகப் பிரித்து 1500, 2000, 3000, 5000 என்று வரிசையாகப் பேப்பர் போட்டிருக்கிறேன். அந்த 2000 பட்டையின் கீழ்ப்பாதியில் பற்பசை வைத்து, கடிகாரம் பார்த்து 20 நிமிடம் கையால் தேய்த்தேன். தோள்பட்டை வலித்ததுதான் கண்ட பலன் என்று சொல்லிவிடலாம், ஆனால் அது நியாயமில்லை. ட்யூப்லைட்டில் பார்த்தால் கொஞ்சம் மினுமினுப்பு கூடியிருந்தது. மேடுகளின் முனை மழுங்கியிருக்கும். டார்ச்சைச் சாய்த்து அடித்துப் பார்த்தேன். பேப்பர் போட்ட நேர்க்கோடுகள் வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தன. அவற்றின் மேல் என் துணி சுற்றிய வட்டத்தில் புதிதாகக் குட்டிக் கோடுகள் வேறு. பற்பசையில் இருக்கும் சிலிக்காவும் சுண்ணாம்புப் பொடியும் பல் எனாமலைத் துலக்குவதற்கு என்று அளந்து போட்டவை. மங்கிய ஹெட்லைட் பிளாஸ்டிக்கில் அது ஓரளவு வேலை செய்வதைப் பார்த்திருக்கிறேன். கிளியரில் விழுந்த பேப்பர் கோட்டை எடுக்க அது ஆகாது.

இதைச் சொல்லும்போது என் பழைய கதையையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் யோக்கியன் வேஷம் போட்டதாகிவிடும். 9 வருடம் முன்பு இதே மாதிரி ஒரு கறுப்புக் கார். பானட்டில் தூசு விழுந்திருந்ததைப் பேப்பர் போட்டு எடுத்தோம். அன்று சாயங்காலமே வண்டியைக் கொடுத்தாக வேண்டும். அவசரத்தில் 1500-லிருந்து நேராகக் காம்பவுண்டுக்கு, அதாவது மெஷினில் வைத்துத் தேய்க்கும் பாலிஷ் பசைக்குப் போனேன். மெஷினில் கம்பளி பேட் மாட்டி இரண்டு தடவை ஓட்டினேன். கோடுகள் முழுதாகப் போகவில்லை என்பது கைக்குத் தெரிந்தது. மேலே, கோடுகளை நிரப்பி மறைக்கும் எண்ணெய்ப் பசையுள்ள ஒரு கிளேஸைப் பூசி, பட்டுத்துணியால் துடைத்தேன். கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. உரிமையாளர் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார். இரண்டு முறை ஷாம்பு போட்டுக் கழுவினார், பூசியதெல்லாம் போய்விட்டது. மூன்றாம் வாரம் நல்ல வெயிலில் வண்டியைக் கொண்டுவந்து பட்டறை வாசலில் நிறுத்தி, ஒன்றும் பேசாமல் பானட்டைக் கையால் காட்டினார். அவர் திட்டியிருந்தால் எனக்குப் பரவாயில்லை.

அன்றிலிருந்து ஒரு பழக்கம். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து ஒரு ஸ்பிரே பாட்டிலில் வைத்திருக்கிறேன். ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் அதைத் தெளித்துச் சுத்தமான மைக்ரோஃபைபர் துணியால் துடைப்பேன். காம்பவுண்டில் இருக்கும் எண்ணெய் போய்விடும். அப்புறம் தெரிவதுதான் உண்மையான பெயிண்ட். புதிதாக அடித்த பெயிண்டில் இதையும் மென்மையாகத்தான் செய்ய வேண்டும். சரியாக இறுகாத கிளியரில் திரவம் ஊறி நிற்க விடக்கூடாது.

பாலிஷ் பாலிஷ் என்று சொன்னாலும் பாதி பாலிஷ் பேப்பரிலேயே முடிந்துவிடுகிறது. இதைப் பையன்களுக்குச் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. 2000 நம்பர் பேப்பரில் ஒட்டியிருக்கும் மணல் துகள் சராசரியாக 10 மைக்ரான் இருக்கும். 1500-இல் அது 12, 13. வித்தியாசம் கொஞ்சமாகத் தோன்றும், ஆனால் மெஷினுக்கு அது தெரியும். 1500-இல் நிறுத்திய பேனலை மெஷினால் எடுக்க முயன்றால் சூடும் நேரமும் அழுத்தமும் எல்லாம் கூடுகின்றன. அதே பேனலில் 2000, அப்புறம் ஃபோம் வைத்த 3000 டிஸ்க், முடிந்தால் 5000 என்று இறங்கி வந்தால், மெஷின் வேலை சில நிமிடம்தான். மொத்தத்தில் போகும் கிளியரும் குறைவு. பேப்பரைக் கூடுதலாகப் போட்டால் பெயிண்ட் கூடுதலாகப் போய்விடும் என்று பயப்படுகிறவர்கள் இதைச் செய்து பார்க்க வேண்டும்.

எந்த நம்பர் போதும் என்று எப்படித் தெரியும்? 1500-ஐ நீளவாக்கில் போட்டால் 2000-ஐக் குறுக்குவாக்கில் போடுங்கள். ரப்பர் துடைப்பானால் தண்ணீரை வழித்துவிட்டு டார்ச் அடியுங்கள். நீளவாக்கில் ஒரு கோடுகூடத் தெரியாத வரைக்கும் அடுத்த நம்பருக்குப் போகாதீர்கள். பேப்பரைச் சோப்புத் தண்ணீரில் ஊறவைக்க வேண்டும், விரல் நுனியால் தேய்க்காமல் ரப்பர் கட்டையில் சுற்றித் தேய்க்க வேண்டும். விரலால் தேய்த்தால் விரல் பதிந்த இடத்தில் பள்ளம் விழும். பக்கெட் தண்ணீரை நம்பருக்கு நம்பர் மாற்ற வேண்டும். ஒரே ஒரு மணல் துகள் 3000 டிஸ்குக்கு அடியில் மாட்டிக்கொண்டால் போதும், பன்றி வால் மாதிரி சுருள் சுருளாக ஒரு கோடு விழும். மங்கலெல்லாம் போய்ப் பேனல் மின்னும்போது அந்தச் சுருள் மட்டும் தனியாகத் தெரியும். அதை எடுக்கத் திரும்ப 2000-க்குப் போக வேண்டும். அழுகை வரும்.

தேய்க்கும்போது வழியும் தண்ணீரையும் கவனிக்க வேண்டும். பால் மாதிரி வெள்ளையாக வந்தால் கிளியர்தான் போகிறது. அதில் காரின் நிறம் கலந்து வந்தால் கையை எடுத்துவிடுங்கள், கிளியர் முடிந்துவிட்டது. பழைய வண்டிகளில் கிளியர் இல்லாமல் ஒரே அடுக்காக அடித்த பெயிண்ட் உண்டு. அதில் நிறம் வருவது சகஜம். என் ஆசான் நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர் அடித்த காலத்து ஆள். அந்தப் பெயிண்ட் பாலிஷ் போட்டால்தான் மினுங்கும். துணியில் நிறம் ஏற ஏற அவருக்குச் சந்தோஷம். கிளியர் கோட் வந்த புதிதில் துணி வெள்ளையாகவே இருக்கிறதே என்று அவர் வேலை நடக்கவில்லை என நினைத்துக்கொண்டு தேய்த்ததை நேரில் பார்த்தவன் நான். அந்த வண்டியின் கதி என்ன ஆனது என்பதை விட்டுவிடுகிறேன்.

மெஷினுக்கு வருவோம். ஒரே அச்சில் சுற்றும் ரோட்டரி ஒரு வகை, சுற்றிக்கொண்டே ஊசலாடும் டூயல் ஆக்‌ஷன் ஒரு வகை. ரோட்டரி வேகமாக வெட்டும், வேகமாகச் சூடேற்றும், கவனம் தவறினால் வெயிலில் வானவில் மாதிரி ஆடும் சுழல் தடத்தை விட்டுப் போகும். டூயல் ஆக்‌ஷன் மெதுவானது, மன்னிக்கும் குணம் உள்ளது. புதியவர்கள் கையில் நான் ரோட்டரி கொடுப்பதில்லை. இன்றைய காம்பவுண்டுகளில் அலுமினியம் ஆக்சைடுத் துகள்தான் பெரும்பாலும் வேலை செய்கிறது. பலர் காம்பவுண்டை நிறைய வைத்தால் சீக்கிரம் முடியும் என்று நினைக்கிறார்கள். வழுக்கிக்கொண்டு ஓடும், வெட்டாது. பேட் முழுக்க மெல்லியதாக ஒருமுறை ஏறிய பிறகு பட்டாணி அளவில் மூன்று நான்கு புள்ளி போதும்.

ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி. ஒரு நேரத்தில் அவ்வளவுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். மெஷினை நத்தை மாதிரி நகர்த்த வேண்டும், ஒரு விநாடிக்கு ஓர் அங்குலம். முதலில் இடவலமாக, அப்புறம் மேல்கீழாக, ஒவ்வொரு ஓட்டமும் முந்தையதில் பாதியை மூடிக்கொண்டு. பேட் தட்டையாகப் படிந்திருக்க வேண்டும். இப்படி நாலைந்து தடவை போனதும் துடைத்து டார்ச் அடித்தால், பேப்பர் கோடு போய் அதைவிட மெல்லிய ஒரு மூட்டம் மிஞ்சியிருக்கும். அது காம்பவுண்டு போட்ட கோடு. அதற்கு மென்மையான ஃபோம் பேட், நுண்ணிய பாலிஷ், குறைந்த அழுத்தம். இந்தக் கடைசிக் கட்டத்தைத்தான் எல்லோரும் முழுங்கிவிடுகிறார்கள், ஏனென்றால் ட்யூப்லைட்டில் இது இல்லாமலே பேனல் நன்றாகத் தெரியும்.

பேட் நிறத்தை நம்பி வாங்காதீர்கள் என்பதையும் இடையில் சொல்லிவிடுகிறேன். ஒரு கம்பெனியின் ஆரஞ்சு வெட்டுவதற்கு, இன்னொன்றின் ஆரஞ்சு மினுக்குவதற்கு. கையால் அழுத்திப் பார்த்து வாங்குவதே மேல். அப்புறம் பேட்டைச் சுத்தம் செய்யாமல் ஓட்டுவது பெரிய பாவம். ஒவ்வொரு கட்டத்துக்கும் பிறகு பிரஷ்ஷால் தேய்த்து, காற்றடித்து, பழைய காம்பவுண்டையும் கரைந்த பெயிண்டையும் வெளியேற்ற வேண்டும். காய்ந்து கட்டிய பேட் போடும் மங்கலைப் பேப்பர் போட்ட மங்கல் என்று நினைத்து, அதை எடுக்க இன்னும் கொஞ்சம் காம்பவுண்ட் போட்டு, அரைநாளை வீணாக்கியவர்கள் உண்டு.

ஓரங்கள்தான் ஆபத்து. பேனல் மடியும் விளிம்பு, கதவில் ஓடும் கூர்மையான மடிப்புக் கோடு, கைப்பிடியின் சுற்று, இங்கெல்லாம் பெயிண்ட் அடிக்கும்போதே மெலிந்துதான் நிற்கும். சமதளத்தில் அகலமாகப் படியும் பேட் இங்கே ஒரே கோட்டில் முழு பலத்தையும் இறக்கும். சமதளத்தில் ஒன்றும் செய்யாத மூன்று விநாடி இங்கே கிளியரைத் துளைத்துவிடும். துளைத்தால் பாலிஷ் போட்டு மீட்க வழியே கிடையாது, அந்தப் பேனலுக்குத் திரும்பப் பெயிண்ட்தான். மெஷினைக் கையில் எடுப்பதற்கு முன் எல்லா விளிம்புக்கும் டேப் ஒட்டுங்கள். கடைசியில் டேப்பை எடுத்துவிட்டு, விளிம்பைக் கையாலேயே மெதுவாகச் செய்யுங்கள். பம்பர் இன்னொரு ஆபத்து. தகடு சூட்டைப் பரப்பிவிடும், பிளாஸ்டிக் அப்படிச் செய்யாது; சூடு ஒரே இடத்தில் தேங்கிக் கிளியர் கசங்கிவிடும். புறங்கையை வைத்துப் பார்த்தால் தாங்கும் சூட்டுக்கு மேல் போகவே கூடாது. தடிமன் பார்க்கும் மீட்டர் இருக்கிறது என்ற தைரியமும் பம்பரில் வேண்டாம். சாதாரண மீட்டர் காந்தத்தாலும் மின்னோட்டத்தாலும் உலோகத்தின் மேல்தான் அளக்கும். தகட்டிலும் அது சொல்வது எல்லா அடுக்கும் சேர்ந்த கணக்கு. 120 மைக்ரான் என்று காட்டினால் கிளியர் மட்டுமே 120 என்று குதிக்கக்கூடாது.

புதிதாகப் பெயிண்ட் அடித்த வண்டிக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள். அவசரப்படுத்தாதீர்கள். இறுக வைக்கும் ஹார்டனர் கலந்து அடிக்கும் கிளியர் தொட்டால் ஒட்டாத நிலைக்குச் சீக்கிரம் வந்துவிடும், ஆனால் உள்ளே இருக்கும் கரைப்பான் நாள்கணக்கில் வெளியேறிக்கொண்டிருக்கும். அது போகப் போகக் கிளியர் சுருங்கி இறுகும். அதற்கு முன்பே பாலிஷ் போட்டு மினுக்கிவிட்டால், புதைந்து கிடந்த பேப்பர் கோடுகள் ஒரு வாரம், பத்து நாள் கழித்து மேலே எட்டிப் பார்க்கும். பட்டறைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று நீங்கள் நினைப்பீர்கள். சில நேரம் ஏமாற்றியும் இருப்பான், அது வேறு. மாதக்கணக்கில் விட்டால் கிளியர் கல்லாகிவிடும், அதுவும் தொல்லைதான். கிளியர் டப்பாவில் தயாரித்தவர்கள் சொல்லியிருக்கும் காலத்தைப் பின்பற்றுவதே நல்லது. புதுப் பெயிண்டில் வேக்ஸ் பூசச் சொல்லி வற்புறுத்தவும் வேண்டாம்.

வண்டியைத் திரும்ப வாங்கும்போது வேக்ஸ் போடுவதற்கு முன்னால் ஆல்கஹால் போட்டுத் துடைத்து வெயிலில் காட்டச் சொல்லுங்கள். ஒழுங்காக வேலை செய்தவன் சந்தோஷமாகக் காட்டுவான். ட்யூப்லைட்டுக்கு அடியில் சாயங்காலம் வண்டி எடுக்காதீர்கள். இதை நானே சொல்கிறேன்.

பின்கதவோடு வந்தவருடைய காரில் மங்கல் போய்விட்டது. 3000 டிஸ்க் முதலில், பிறகு இரண்டு கட்டமாக மெஷின். அவர் போட்டிருந்த 2000 நம்பர் பேப்பரின் கோடுகளில் கைப்பிடிக்குக் கீழே இரண்டு மட்டும் ஆழமாக இருந்தன. விரல் நுனியை அழுத்தித் தேய்த்திருக்கிறார். அந்த இரண்டையும் முழுதாக எடுக்காமல் விட்டேன். எடுத்தால் கிளியர் தாங்காது. அவரிடம் டார்ச் அடித்துக் காட்டிச் சொன்னேன். "இருந்துட்டுப் போகட்டும்" என்றார். அந்தக் கத்தரித்த துண்டை என்னிடமே கொடுத்துவிட்டுப் போனார், அதை இந்தக் கடிதத்தோடு இணைத்திருக்கிறேன்.

பற்பசைக் குறிப்பைத் திருத்தி ஒரு வரி போட்டால் நன்றாக இருக்கும். எழுதியவருக்குச் சந்தேகம் இருந்தால் அந்தப் பானட் பட்டறையில் அப்படியே கிடக்கிறது, 2000 பட்டையின் கீழ்ப்பாதியை அதற்குப் பிறகு நான் தொடவில்லை. நான்கு வரிக்கு இவ்வளவு நீளப் பதில் எழுதிவிட்டேன். இடம் போதாமல் சுருக்க வேண்டியிருந்தால் என் ஆசான் கதையை வெட்டிவிடுங்கள், என் கறுப்புக் கார் கதையையும் வெட்டிவிடுங்கள். ஓரங்களைப் பற்றி எழுதிய பத்தியை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

இப்படிக்கு,
கார் பெயிண்டர் ஒருவர்